தேன் நிற எண்ணெய்

இதை நான் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அந்த நர்ஸ் எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று மழை பெய்தது என்று நான் சொல்வேன். என் உதவியாளர் கடுகு, "மழையா? அண்ணே, அன்னைக்கு ஃபேன் ஓடலைன்னு அட்டையால விசிறிக்கிட்டு உக்காந்திருந்தீங்க" என்பாள். இருக்கலாம். ஒரு வயதுக்குப் பிறகு, அலுத்துப் போயிருந்த நாட்களெல்லாம் மழை நாட்களாகவே மனதில் தங்கிவிடுகின்றன. யார் முதலில் பேசினார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதிலும் தடுமாற்றம் இருக்கிறது. எண்ணெயின் நிறத்தில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை. அதை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கலாம்.

அதற்கு முன் நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், மோதி நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து யார் சொல்வது பொய் என்று கண்டுபிடிக்கும் சர்வேயராக இருந்தேன். பாதி ஆயுள் அதில் போயிற்று. மிச்சத்தையாவது நம் இஷ்டத்துக்குச் செலவழிப்போம் என்று துப்பறியும் அலுவலகம் திறந்தேன். கடுகு அதே நிறுவனத்திலிருந்து என் பின்னாலேயே வேலையை விட்டு வந்தவள். ஆள் குள்ளம், அதனால் கடுகு. காரத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நர்ஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் அறையில் வேலை. சீருடையோடு வந்திருந்தார்.

"என் தம்பி யாரையும் இடிக்கலை சார்."

"இடிச்சிருக்காரே சிஸ்டர். ரெண்டு காலும் மாவுக்கட்டுல, ஒருத்தர் உங்க ஆஸ்பத்திரிலயே படுத்திருக்காரு," என்றாள் கடுகு.

"வேணும்னு இடிக்கலைன்னு சொல்றேன்."

விஷயம் இதுதான். தம்பி ஒரு மர மில் முதலாளி வீட்டில் டிரைவர். முதலாளியின் தம்பி, சின்ன முதலாளி, முதல் நாள் மில் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்திருக்கிறார். மறுநாள் காலை, ஷெட்டில் நின்ற வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்து, அதே சின்ன முதலாளியைச் சுவரோடு நசுக்கியது. வாட்ச்மேன் பார்த்தார், சமையல்காரர் பார்த்தார். டிரைவர் கியர் போட்டதை இருவருமே பார்த்தார்கள். கொலை முயற்சி என்று வழக்கு.

"அவன் சாவியை எடுத்துட்டானாம். எடுத்த பிறகும் வண்டி நிக்காம கத்துச்சாம். மெக்கானிக் சொன்னாரு, காத்து போற குழாய்ல எண்ணெய் சேர்ந்தா அப்படி ஆகுமாமே?"

"ஆகும்," என்றேன்.

"அப்ப பானட்டைத் திறந்து பாருங்க சார். அந்தக் குழாயைப் பாருங்க." எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "குழாயைக் கட்டாயம் பாருங்க."

அவர் போன பிறகு அறையில் ஸ்பிரிட் வாசனை கொஞ்ச நேரம் இருந்தது. கடுகு என் மேஜையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"சாவி இல்லாம வண்டி ஓடுமா? என் மாமா சாவி போட்டாலே ஓடாத வண்டி வெச்சிருந்தாரு."

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ விசிறி வைத்த டீசல் என்ஜினுக்கு அப்படியொரு கெட்ட குணம் உண்டு என்று அவளுக்கு விளக்கினேன். என்ஜினும் மூச்சு விடும். அந்த மூச்சில் எண்ணெய் ஆவி இருக்கும். அதை வெளியே விடாமல் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக, என்ஜின் காற்றை உறிஞ்சும் பெரிய குழாய்க்கே திருப்பி அனுப்புகிறார்கள். அங்கிருந்து டர்போ வழியாகப் போய், காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் பெட்டியின் அடியில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கும். அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும். யாரும் செய்வதில்லை. அளவுக்கு மீறித் தேங்கிவிட்டால், ஒருநாள் என்ஜின் அந்த எண்ணெயையே டீசல் மாதிரி குடித்து ஓட ஆரம்பிக்கும். சாவி டீசலைத்தான் நிறுத்தும். எண்ணெயை நிறுத்தாது.

"தன் கொழுப்பைத் தானே தின்னு ஆடும்," என்றாள் கடுகு. "அந்த சின்ன முதலாளி மாதிரி."

காவல் நிலையத்தில் டிரைவரைப் பார்க்க விட்டார்கள். இருபத்தைந்து வயதிருக்கும். தூங்காத கண்கள். கன்னத்தைத் தடவிக்கொண்டே பேசினான். தடவுவது அவனுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"சாவியை எடுத்தே, சரி. அப்புறம் ஏம்ப்பா கியர் போட்டே? அதைத்தானே ரெண்டு பேரும் பார்த்தேன்னு சொல்றாங்க?"

"அணைக்கத்தான் சார் போட்டேன்."

"கியர் போட்டா வண்டி கிளம்பும். எனக்கே தெரியும்," என்றாள் கடுகு.

"டாப் கியர்ல போட்டு, பிரேக்கை அழுத்தி மிதிச்சுக்கிட்டு, கிளட்ச்சைப் பட்டுனு விடணும்க்கா. என்ஜின் திணறி நின்னுடும். லாரில கிளீனரா இருந்தப்ப கத்துக்கிட்டது. அதைத்தான் செஞ்சேன்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. நிக்கறதுக்கு முன்னாடி ஒரு தாவு தாவுச்சு. ஷெட்டு முழுக்கப் புகை. அவர் என்ன சத்தம்னு பார்க்க முன்னாடி வந்து நின்னது எனக்குத் தெரியல."

அவன் கம்பிக்கு அருகே வந்தான்.

"எங்கக்கா என்ன சார் சொல்லுது? நான் சொன்னதை நம்புதா?"

"நம்பறதாலதான் எங்ககிட்ட வந்திருக்காங்க," என்றேன்.

அவன் கன்னத்திலிருந்து கையை எடுத்தான்.

இன்ஸ்பெக்டர் தன் அறையில் படங்களைக் காட்டினார். நொறுங்கிய முன்பக்கம், ரத்தம், சுவர், உள்ளே கியர் தடி. கடுகு அந்தப் படத்தைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

"சார், கியர் எதுல இருக்கு?"

"அஞ்சுல."

"ஒரு ஆளை ஏத்திக் கொல்லணும்னு நினைக்கிறவன் அஞ்சாம் கியர்லயா கிளம்புவான்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுதான். அதுக்காக ஒண்ணாம் கியர் கூடவா தெரியாது?"

இன்ஸ்பெக்டர் படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். அவரும் அலுத்த மனிதர்தான். கேட்டவுடன் கோபப்படவில்லை.

"அதையெல்லாம் நாளைக்குக் காலையில வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பிரிச்சுப் பார்த்துச் சொல்லட்டும். அவர் எழுதறதுதான் கோர்ட்டுல நிக்கும். நீங்க இன்னைக்குப் பார்க்கலாம். கையால கழலுறதைக் கழட்டிப் பாருங்க. ஸ்பேனர் எடுத்தீங்கன்னா உங்க ரெண்டு பேரையும் உள்ள வெச்சிடுவேன்."

"உள்ள ஃபேன் ஓடுதா சார்?" என்றாள் கடுகு.

காவல் நிலையத்தில் இடமில்லை என்று வண்டியை இழுத்து வந்து, அதற்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக்கின் கொட்டகையிலேயே நிறுத்தியிருந்தார்கள். தகரக் கூரை. தரையில் தலைமுறை தலைமுறையாகச் சிந்திய எண்ணெயின் கரி. மெக்கானிக்கை ஊரே நிறைகுடம் என்று கூப்பிட்டது. எதை ஊற்றினாலும் விளிம்புவரை ஊற்றுவார். எங்களுக்கு டீ ஊற்றியதிலேயே தெரிந்தது; பாதி கடுகின் கையில் கொட்டியது.

"எனக்குக் கஞ்சத்தனமே ஆகாது தங்கச்சி," என்றார்.

"தெரியுது. கை வெந்துடுச்சு."

கதவுகளுக்கெல்லாம் போலீஸ் சீல் வைத்திருந்தார்கள். மோதியதில் நெளிந்து திறந்துகொண்ட பானட்டைக் கயிற்றால் கட்டியதோடு விட்டுவிட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. நான் கயிற்றை அவிழ்த்தேன்.

முதலில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவினேன். அதற்கு ஸ்பேனர் வேண்டாம். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை எண்ணெய் நின்றது. அத்தனையும் கன்னங்கரேல் என்றிருந்தது.

"இவ்வளவு குடிச்ச பிறகும் இவ்வளவு மிச்சமா?" என்றேன். "கோட்டுக்கு மேல ஊத்துவீங்களோ?"

நிறைகுடத்தின் முகம் சுருங்கியது. "கோடு கம்பெனிக்காரன் போட்டது சார். அவன் மிச்சம் பிடிக்கறவன். நம்ம வண்டிக்கு நாமதானே நிறைவா ஊத்தணும்?"

"நிறைகுடம் தளும்பாதுன்னு சொல்வாங்க," என்றாள் கடுகு. "இது தளும்பி ஒருத்தர் காலை உடைச்சிருக்கு."

அதுதான் காரணம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அளவுக்கு மேல் ஊற்றிய எண்ணெய் என்ஜினுக்குள் நுரைத்து, மூச்சோடு சேர்ந்து வெளியேறி, காற்றுப் பாதையில் சேர்ந்திருக்கும். டிரைவர் சொன்னது உண்மையாக இருக்க எல்லா நியாயமும் இருந்தது. இனி நர்ஸ் சொன்ன அந்தக் குழாயைப் பார்க்க வேண்டியதுதான்.

மூச்சு போகும் சின்ன ரப்பர் குழாய், டர்போவுக்கு முன்னால் இருக்கும் பெரிய காற்றுக் குழாயில் வந்து செருகியிருந்தது. கையால் இழுத்தால் வந்துவிடும். இழுத்தேன். டார்ச்சை ஓட்டைக்குள் அடித்தேன்.

உள்ளே எண்ணெய் நின்றது.

கடுகு எட்டிப் பார்த்து, "ஜெயிச்சாச்சு!" என்றாள். நான் டார்ச்சை இன்னும் உள்ளே நீட்டியதைப் பார்த்து மறுபடி எட்டிப் பார்த்தாள்.

எண்ணெய் தேன் மாதிரி இருந்தது. டார்ச் வெளிச்சம் அதற்குள் புகுந்து குழாயின் அடிவரை போனது. சுவர்களில் பழைய கருப்புப் படலம். நடுவில் இந்தத் தெளிந்த தேன்.

"அழகாத்தானே இருக்கு?"

"அதுதான் பிரச்சினை. டீசல் என்ஜினுக்குள்ள போன எண்ணெய் அன்னைக்கே கரியாயிடும். இப்ப குச்சியில பார்த்தோமே. இது எந்த என்ஜினுக்குள்ளயும் போகாத எண்ணெய். டப்பாவிலிருந்து நேரா வந்தது."

"யாரோ வேணும்னே ஊத்தி வண்டியை வெறி பிடிக்க வெச்சிருந்தா?"

"அப்படின்னா இது இங்க இருக்காது. டர்போ வாய்க்கு நேர முன்னாடி நிக்குது. என்ஜின் ஓடியிருந்தா முதல்ல குடிச்சிருக்கறதே இதைத்தான். இது எல்லாம் முடிஞ்ச பிறகு வந்தது."

கொட்டகையில் காற்றில்லை. நிறைகுடம் தூரத்தில் ஏதோ ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். நாளைக் காலை ஆய்வாளர் இதே ஓட்டையில் டார்ச் அடிப்பார். இட்டுக்கட்டிய சாட்சி என்று எழுதுவார். அதன் பிறகு அந்தப் பையன் சொன்ன உண்மைகளையும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஐந்தாம் கியரும் ஒரு சாமர்த்தியமாகிவிடும்.

கடுகு கையிலிருந்த ரப்பர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே. இந்த வண்டி முழுக்க அழுக்கு. தொட்ட இடமெல்லாம் கை கருக்குது. இது மட்டும் ஏன் இப்படி?"

குழாயின் நுனியில் ஒரு வளையம். அங்கே மட்டும் ரப்பர் புதுசு போலப் பளபளத்தது. கந்தல் துணியால் துடைத்திருந்தால் திட்டுத் திட்டாக இருக்கும். இது ஒரே சீராக, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றிச் சுழற்றித் துடைத்த மாதிரி இருந்தது. ஓரத்தில் பஞ்சு நார் ஒன்று ஒட்டியிருந்தது. கடுகு மூக்கருகே கொண்டுபோனாள்.

"வண்டிக்கு ஊசி போட்டிருக்காங்க," என்றாள்.

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்போது அவள் குரலில் வேடிக்கை இல்லை. இருவரும் அந்த வளையத்தையே பார்த்தபடி நின்றோம். ஊசி போடுவதற்கு முன் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது ஒருவருக்கு எத்தனை ஆழமாகக் கையில் ஊறியிருந்தால், கரி பிடித்த என்ஜினையும் துடைக்கத் தோன்றும்?

நிறைகுடத்தைக் கூப்பிட்டேன். "பையனோட அக்கா இங்க வந்தாங்களா?"

"வந்தாங்க சார். தம்பி உக்காந்திருந்த வண்டியைக் கண்ணால பார்க்கணும்னு அழுதாங்க. எண்ணெய் எப்படி உள்ள போகும், எந்தக் குழாய்ன்னு எல்லாம் கேட்டாங்க. நான் எதையும் மறைக்கறவன் இல்லையே, எல்லாத்தையும் காட்டினேன். பாவம்னு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தா கையைக் கழுவிக்கிட்டு நின்னாங்க. டீயைக்கூடக் குடிக்கலை."

"புத்திசாலி," என்றாள் கடுகு, தன் கையை ஊதிக்கொண்டே.

நான் ரப்பர் குழாயைப் பழையபடி செருகினேன். கயிற்றைக் கட்டினேன். பிறகு ஏதோ தோன்றி, "கடுகு, நீ வண்டிக்கு அடியில போவியா?" என்றேன்.

"குள்ளமா பொறந்ததுக்கு இது ஒண்ணுதான் உத்தியோகம்."

ஒரு அட்டையைப் போட்டுக்கொண்டு முன்பக்கத்தின் கீழ் நுழைந்தாள். எங்கே பார்க்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, அவள் டார்ச் வெளிச்சம் அங்கே போயிற்று. வெளியே வந்தபோது மடித்த கைக்குட்டையை என்னிடம் நீட்டினாள். பிரித்துப் பார்த்தேன். மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கட்டுப் போடும் அறையில், விரல் நசுங்கிய ஒரு தொழிலாளிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் நர்ஸ். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றித் துடைத்தார். கடுகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தொழிலாளி போன பிறகு கதவைச் சாத்தினார்.

"குழாயைப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன். ரொம்ப நல்ல எண்ணெய்."

அவர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"கடையில எது நல்லதுன்னு கேட்டேன். இதுதான் நல்லதுன்னு குடுத்தாங்க."

"ஓடின டீசல் என்ஜின்ல எண்ணெய் கருப்பாத்தான் இருக்கும் சிஸ்டர்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். அவருக்கு அது முழுதாகப் புரிய எடுத்த நேரம் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாததாக இருந்தது. சுவரில் எப்படிக் கை கழுவ வேண்டும் என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தேன்.

"நான் அவனை ஒரேடியாப் புதைச்சிட்டேனா?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

"இப்பவே போய் உறிஞ்சி எடுத்துடறேன் சார். ஊசி இருக்கு. யாருக்கும் தெரியாது."

கடுகு என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. எடுத்துவிடட்டுமே என்றுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் இருந்தது.

"கறை போகாது. துடைச்ச தடமும் போகாது," என்றேன். "அந்த வளையம் ஒண்ணு போதும். யாரோ கை வெச்சிருக்காங்கன்னு எதிர் வக்கீல் ஒரு வார்த்தை சொன்னா, அந்த வண்டியில இருக்கற நிஜமும் சேர்ந்து பொய்யாயிடும்."

"என்ன நிஜம்?"

கைக்குட்டையைப் பிரித்து அவருடைய மேஜையில், சுத்தமான துணிச் சுருள்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். நடுவில் தார் போன்ற கருப்புத் திட்டு.

"வண்டி மூக்குல, பம்பருக்குப் பின்னால ஒரு பெட்டி இருக்கு. காத்து மட்டும் போக வேண்டிய பெட்டி. மோதினதுல அதோட அடியில கீறல் விழுந்திருக்கு. அதுல இருந்து இது சொட்டிக்கிட்டிருக்கு. டர்போவுக்கு அந்தப் பக்கம். உங்க எண்ணெய் இந்தப் பக்கம். அந்தப் பெட்டிக்குள்ள உங்களால எதையும் ஊத்தியிருக்க முடியாது. பம்பரையே கழட்டினாத்தான் வெளிய வரும். அது எண்ணெயா ரொம்பியிருக்குன்னா, என்ஜின் அதைத்தான் குடிச்சிருக்கு."

"அப்ப அவன் சொன்னது..."

"அப்படியே நிஜம் சிஸ்டர்," என்றாள் கடுகு. "சாவி, புகை, தாவு, எல்லாமே."

அவர் உட்கார்ந்தார். நோயாளிகள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். வெளியே யாரோ கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அடி வாங்கிட்டு வந்த அன்னைக்கு அவன் சாப்பிடலை," என்றார் கடைசியில். "'அவனை விடமாட்டேன்க்கா'ன்னு சொல்லிட்டுப் படுத்தான். மறுநாள் இது நடந்துச்சு. போலீஸ் வந்து கேட்டப்ப அதை நான் சொல்லலை. யார்கிட்டயும் சொல்லலை. அவன் செஞ்சுட்டான்னே முடிவு பண்ணிட்டேன் சார். செஞ்சாலும் தம்பிதானே? அதனாலதான் ஊத்தினேன்."

"கோவத்துல எல்லாருந்தான் சொல்வாங்க. நான் தினமும் அண்ணனைச் சொல்றேன்," என்றாள் கடுகு. யாரும் சிரிக்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

"நாளைக்கு ஆய்வாளர் பானட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்க சொல்லணும்," என்றேன். "அந்த எண்ணெய் உங்களோடதுன்னு சொல்லிட்டா, அதைத் தள்ளி வெச்சிட்டு மிச்சத்தைப் பார்ப்பாங்க. சொல்லலைன்னா அதோட நிறுத்திடுவாங்க. சாட்சியத்துல கை வெச்சதுக்கு உங்க மேல வழக்கு வரும். வேலையும் போகலாம். அதை நான் மறைக்க விரும்பலை."

அவர் கையை அசைத்தார், அதெல்லாம் ஒரு பொருட்டா என்பது போல.

"சொன்னா அவனுக்குத் தெரிஞ்சிடுமே சார்."

"ஊத்தினதா?"

"நான் அவனை நம்பலைங்கறது."

காவல் நிலையத்தில் அவன் கேட்டதும், நான் சட்டென்று சொன்ன பதிலும் வாய்க்குள் கசந்தன. கடுகுதான் முக்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். குந்தினால் அவள் இன்னும் சின்னவள்.

"உள்ள இருந்துக்கிட்டு, 'எங்கக்கா என்னை நம்புச்சு'ன்னு நிம்மதியா இருக்கறதை விட, வெளிய வந்து உங்களைக் கோவிச்சுக்கட்டும் சிஸ்டர். கோவிச்சுக்கற தூரத்துலயாவது இருப்பான்."

மறுபடி கதவு தட்டப்பட்டது. நர்ஸ் எழுந்து கையைக் கழுவினார். படத்தில் இருந்தபடியே, விரல் இடுக்குகள் வரை கழுவினார்.

"ஆய்வாளர் எப்ப வருவாரு?"

"காலையில."

"உள்ள வாங்க," என்று கதவைப் பார்த்துச் சொன்னார். கைக்குட்டையை மடித்து என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் அவர் எங்களுக்கு முன்பே கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார், சீருடையில். ஆய்வாளரிடமும் இன்ஸ்பெக்டரிடமும் என்ன எண்ணெய், எந்தக் குழாய், எப்படிச் செலுத்தினார் என்று நோயாளியின் நிலையைச் சொல்வது போல ஒழுங்காகச் சொன்னார். ஏன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, "அவன் செஞ்சுட்டான்னு நினைச்சேன்" என்றார். இன்ஸ்பெக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆய்வாளர் தேன் நிற எண்ணெயை ஒரு குப்பியில் எடுத்துத் தனியே வைத்தார். பிறகு பம்பரைக் கழற்றி, இன்டர்கூலரை வெளியே எடுத்து, ஒரு தட்டின் மேல் சாய்த்தார். கருப்பாக வழிந்துகொண்டே இருந்தது. தட்டு நிறைந்து, நிறைகுடம் ஓடிப்போய் இன்னொரு தட்டு கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் இரண்டாவது தட்டைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், தலையைச் சொறிந்தார்.

"அஞ்சாம் கியர்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

கொலை முயற்சி வழக்கு தள்ளுபடியானது. தம்பி வெளியே வந்தான். மறுபடி டிரைவர் வேலைக்குப் போகவில்லை. ஒரு பழக் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிறான். சின்ன முதலாளி கம்பு ஊன்றி நடக்கிறார். அவன் வேண்டுமென்றேதான் ஏற்றினான் என்று இன்றும் சொல்கிறார். நிறைகுடம் தன்னிடம் வரும் டர்போ வண்டிகளுக்கெல்லாம் எண்ணெயை வழியிலேயே பிடித்து வைக்கும் டப்பா ஒன்றைப் பொருத்தி அனுப்புகிறார்; கோட்டுக்குக் கீழேதான் ஊற்றுகிறார். இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். கடுகு இன்னும் என் மேஜை ஓரத்தில்தான் உட்காருகிறாள். நர்ஸை நீதிமன்றம் எச்சரித்து விட்டது. ஆஸ்பத்திரி சில மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்துப் பிறகு சேர்த்துக்கொண்டது. தம்பி அவரோடு ஒரு வருடத்துக்கு மேல் பேசவில்லை. ஒருநாள் கிடங்கில் கண்ணாடி குத்திய கையோடு, அவர் வேலை பார்க்கும் அறைக்கே வந்து, வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் கையை நீட்டினான். அவர் கட்டுப் போட்டார். இப்போது இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.